குழாயடியில் ஓர் அறிமுகம்

கல்லூரியில் இரண்டாம் வருடம் எங்களுக்கு ஒரு துன்பியல் நாடகம் பாடமாக இருந்தது. கடல் கடந்த தேசத்தில் எந்தக் காலத்திலோ எழுதியது. தாராவியிலிருந்து மாதுங்காவுக்கு நடந்தே போய், ஒரு மாதம் அதன் முதல் காட்சியை மட்டும் படித்தேன். எங்கள் பேராசிரியை அதைத் தாண்டவே இல்லை. ராஜா முதலில் வரமாட்டான், கவனியுங்கள், என்பார். முதலில் இரண்டு சில்லறை ஆட்கள் வந்து நின்று அவனைப் பற்றிப் பேசுவார்கள். அவனை அழிக்கப்போகிற குறையும் அந்தப் பேச்சிலேயே எங்கோ இருக்கும். அவன் மேடையில் கால் வைப்பதற்குள் நாம் பாதித் தீர்ப்பை எழுதி முடித்திருப்போம்.

இது எனக்குத் தலைக்கேறிவிட்டது. எங்கள் சந்தில் தமிழையே எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள்தான் அதிகம். நானோ ஆங்கில இலக்கியம். கொஞ்சம் கொழுப்பு இருக்கத்தானே செய்யும்? கண்ணில் படுகிறவர்களையெல்லாம் மனதுக்குள் மேடையேற்றி அறிமுகம் செய்துகொண்டிருந்தேன். ரேஷன் கடைக்காரர், தராசைத் தவிர வேறு யாரையும் நிமிர்ந்து பார்க்காதவர். எதிர்வீட்டு மாமி, தண்ணீர் வரிசையில் குடத்தைத் தள்ளி வைத்த குற்றத்துக்காக என் உம்மாவோடு ஒரு வருடமாகப் பேசாதவர். இப்படி.

அந்தச் சமயத்தில்தான் என் அக்காவுக்கு, எங்கள் வழக்கில் ராத்தாவுக்கு, காட்கோபரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு டிராம்பேயில் ஃபிட்டர் வேலை. ராத்தாவுக்கு அப்போது இருபத்தாறு. வாப்பாவின் தோல்பை தைக்கும் பட்டறையே அவள் தையல் மிஷினை நம்பித்தான் ஓடியது. ஏற்கனவே இரண்டு இடம் வந்து கலைந்தபோது அவள் அலட்டிக்கொள்ளவில்லை. இந்த முறை போட்டோவை மிஷின் டிராயரில் நூல்கண்டுகளுக்கு அடியில் பத்திரப்படுத்தியிருந்தாள். அவள் ஒன்றுக்கு ஆசைப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருமுன் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர், யாரென்று காட்டிக்கொள்ளாமல் வந்து அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுப் போவார். அதற்கு எங்கள் சந்தும் ஒரு சட்டம் வைத்திருந்தது. தெரியாத முகம் வந்து எந்த வீட்டைப் பற்றிக் கேட்டாலும் நல்லதை மட்டும் சொல்ல வேண்டும். ஜென்மப் பகை என்றாலும் அப்படித்தான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு நாள் காலை குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, புத்தகமும் கையுமாக நின்றிருந்தேன். நடுத்தர வயதில் ஒரு அம்மா வந்தார்.

"இங்கன கோலி ஒண்ணு வாடகைக்குக் கெடைக்குமாம்மா? அக்கம்பக்கத்துல உள்ளவிய எல்லாம் எப்படி?"

கோலி என்பது பத்துக்குப் பத்தில் ஒரே அறை. நாங்கள் எல்லோரும் அதில்தான் இருந்தோம். வீடு தேடி வந்தவர் என்று நம்பிவிட்டேன். நம்பினேன் என்பதைவிட, 'எப்படி' என்று அவர் கேட்டதுமே எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று என்பதுதான் சரி. வீடு வீடாக அறிமுகம் செய்தேன். எங்கள் வீடு வந்தபோது அது என் வீடு என்று சொல்லவில்லை. சொன்னால் சுவை போய்விடும் அல்லவா?

"அது பை தைக்கிற வீடு. மூத்த பிள்ளதான் அங்க எல்லாம். மனசுல பட்டத மூஞ்சிக்கு நேரா கேட்டுரும். வாப்பான்னு பாக்காது, ஏவாரின்னு பாக்காது. கோவம் வந்துச்சுன்னா ரெண்டு நாளைக்குச் சோறு திங்காது. யாருக்கும் வளைஞ்சு குடுக்காது."

சத்தியமாக நான் புகழ்ந்துதான் சொன்னேன். என் கணக்கில் அவள்தான் அந்தச் சந்தின் நாயகி. அந்த அம்மா "அப்படியா" என்றார். வாடகை எவ்வளவு என்று கேட்காமலே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. வியாழக்கிழமை தரகர் வந்தார். "இப்போதைக்கு வேண்டாங்காவ. பொண்ணு வாய்த்துடுக்குன்னு குழாயடியில ஒரு பொம்பள சொன்னாளாம்."

உம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. "எதிர்த்த வீட்டுக்காரிதான். வேற எவ சொல்லுவா?" என்று இரண்டு நாள் அழுதுகொண்டே திட்டினார். அப்படிச் சொன்ன நாக்குக்கு அவர் விட்ட சாபமெல்லாம் என் தட்டுக்கு நேராக விழுந்தது. நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. அந்த மாமி அதே அம்மாவிடம் ராத்தாவைத் தங்கமான பிள்ளை என்று சொன்ன விஷயம் பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் ராத்தா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் போயி எதிர்த்த வீட்டு மாமிகிட்டயே நேரா கேட்டுட்டு வாரேன்."

குழாயடியில் நான் சொன்ன வாக்கியம் எழுந்து செருப்பு மாட்டுவதைப் பார்த்தேன். ஓடிப்போய் வாசலை மறித்து நின்றேன். "அவிய இல்ல ராத்தா. நான்தான்."

உம்மா விளக்குமாற்றை எடுத்தார். ராத்தா அதைப் பிடுங்கி மூலையில் போட்டாள். "என்ன சொன்ன? ஒரு சொல்லு விடாம சொல்லு" என்றாள். சொன்னேன். நாயகி, நாடகம், முதல் காட்சி எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். அவள் கேட்டுவிட்டு மிஷினுக்குத் திரும்பிப் போனாள்.

"நீ சொன்னது எல்லாம் நெசந்தான். ஆனா நான் போயி மாப்பிள்ள வீட்டாளுவ முன்னால நிக்கதுக்குள்ள சொல்லிட்டியே."

போட்டோவை எடுத்துத் தரகருக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உம்மாவிடம் நீட்டினாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. நாடகத்தின் முதல் காட்சியைப் பற்றி நான் எழுதிய கட்டுரைதான் வகுப்பிலேயே சிறந்தது என்று பேராசிரியை உரக்கப் படித்துக் காட்டினார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து ராத்தாவைக் கல்யாண் என்கிற ஊரில் கட்டிக்கொடுத்தோம். தலைப்பிரசவத்துக்கு எங்கள் கோலிக்கு வந்தவள், ஒரு நாள் காலை வயிற்றைத் தாங்கிக்கொண்டு குழாயடியில் நின்றிருந்தாள். நான் குழாயடிச் சுவருக்கு இந்தப் பக்கம் துணி பிழிந்துகொண்டிருந்தேன். தெரியாத ஒரு பெண்ணின் குரல், பை தைக்கிற வீட்டு இளைய பிள்ளை எப்படி என்று கேட்டது.

"அந்தப் பிள்ளயா?" என்றாள் ராத்தா. "ரொம்ப அமைதி. அடுத்தவியளப் பத்தி ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்லாது."