குடத்துக்குள் நடுங்கிய கடல்

பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி எழுதிய கதையை, அவள் எழுதியதே அல்ல என்று நான் தீர்ப்பளித்தேன். தீர்ப்பு தவறு என்று பின்னர் தெரிந்தது. தெரிந்த பிறகும் வாய் திறக்கவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வரும் வரிகளில் எனக்குச் சாதகமாக ஏதேனும் தென்பட்டால், நீங்கள் அதை நம்ப வேண்டாம்.

பெரம்பலூரில் முதுகலைத் தமிழ் படிக்கிறேன். குரும்பலூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து போகிறவள். வகுப்பில் சன்னலோரம் அமர்ந்து, கேட்டால் மட்டும் பேசுகிற பெண்ணை எந்தக் கல்லூரியிலும் பார்த்திருப்பீர்கள். அவள்தான் நான். அவளுக்கு இணையத்தில் ஒரு சிறு அதிகாரம் இருந்தது வீட்டில்கூட யாருக்கும் தெரியாது.

குழந்தைகளுக்கான ஓர் இணைய விளையாட்டு. அதில் குழந்தைகளே சாகசக் கதைகளை அத்தியாயம் அத்தியாயமாகக் கட்டி வெளியிடலாம். மற்றக் குழந்தைகள் அந்தக் கதைக்குள் புகுந்து, நடந்து, ஓடி, வழி கண்டுபிடிப்பார்கள். தமிழில் வரும் அத்தியாயங்களை முதலில் விளையாடிப் பார்த்து மதிப்புரை எழுதும் தன்னார்வலர்களுள் நானும் ஒருத்தி. மதிப்புரைப் படிவத்தின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: 'இது குழந்தையின் சொந்தப் படைப்பா?' எதிரே இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை.

வருபவற்றில் பெரும்பாலானவை புதையல், பூதம், சாக்லேட் மலை. யோசிக்காமல் 'ஆம்' இட்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்து, இரண்டு வரி பாராட்டி அனுப்பிவிடுவேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை முற்பகலில்தான் 'நத்தக்கல்' என்ற புனைபெயரில் ஒரு கதையின் முதல் ஐந்து அத்தியாயங்கள் ஒன்றாக வந்தன.

ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கம். செவந்தி என்றொரு சிறுமி. அவளுடைய அப்பா லாரியோடு சுரங்கத்துக்குள் இறங்குகிறார், திரும்பி வரவில்லை. லாரியின் சக்கரத் தடம் ஒரு கற்சுவரில் போய் முடிந்துவிடுகிறது. அவ்வளவுதான் முதல் அத்தியாயம். முடிந்த பிறகும் நான் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்...

இரண்டாவதில் செவந்தி ஓர் அடுக்கு கீழே இறங்குகிறாள். சுவரில் பதிந்திருக்கும் நத்தை வடிவக் கற்கள் மெல்ல மூச்சுவிடுகின்றன. மூன்றாவதில், ஒரு சொட்டு நீரில்லாத அந்தப் பள்ளத்தில் அலையின் ஓசை.

நான்காவதை எப்படிச் சொல்வேன்! குழந்தைகள் விளையாட்டு என்றால் ஓட வேண்டும், தாவ வேண்டும். இந்த அத்தியாயத்தில் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். விசையைத் தொட்டால் ஓசை நின்றுவிடும். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். முதலில் சங்கு ஊதியது. சுரங்கத்தில் வெடி வைக்குமுன் ஊதுகிற சங்கு. இரண்டாம் சங்கு ஊதுவதற்குச் சற்று முன்பே, எதிர்ப் புளியமரத்திலிருந்து மைனாக்கள் மொத்தமாக எழுந்து பறந்தன. பிறகு சங்கு. பிறகு வெடி. செவந்தியின் வீட்டுக் குடத்துத் தண்ணீரில் வட்டம் வட்டமாக நடுக்கம். திரையின் கீழே ஒரே ஒரு வரி:

'தண்ணிக்கு அதோட பழைய வூடு ஞாபகம் வருது.'

அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். ஒருநாளும் அந்தக் கடலை நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன்!

ஐந்தாவதில் கடலே செவந்தியிடம் பேசியது. 'நான் போனதுக்கப்புறம் இங்க யாரு இருந்தா?' விளையாடுபவர் பதிலைத் தட்டச்சு செய்ய வேண்டும். சோளம் என்றேன். பருத்தி என்றேன். சின்ன வெங்காயம், ஆடு, அப்பா, அம்மா... ஒவ்வொரு பெயருக்கும் லாரியின் விளக்கு ஒரு முறை மினுங்கியது. வழி திறக்கவில்லை. கடைசியில் என் பெயரை எழுதினேன். திறந்தது.

கண் கலங்கிப்போய், எழுந்து சென்று முகம் கழுவி வந்தேன். வந்து அமர்ந்து படிவத்தைத் திறந்தேன். முதல் கேள்விக்கு 'இல்லை' என்று குறியிட்டேன்.

ஏன்?

இந்த இடத்தில் நான் துல்லியமாக இருக்க வேண்டும். அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் ஒன்று: இத்தனை நுட்பம் ஒரு குழந்தைக்கு வாய்க்காது, யாரோ பெரியவர் எழுதிக் குழந்தையின் பெயரில் அனுப்புகிறார். உண்மைக் காரணம் வேறு. என் மேசையின் இழுப்பறையில் யாருக்கும் காட்டாத கவிதைகள் நிறைந்த ஒரு நோட்டு இருக்கிறது. ஆறு ஆண்டுகளின் உழைப்பு. அந்த நோட்டு முழுவதிலும் அந்தக் குடத்து வரிக்கு ஈடான ஒரு வரி இல்லை. அதை எழுதியது ஒரு குழந்தை என்றால், நான் யார்? அந்த வரியின் முன் மண்டியிட வேண்டிய நேரத்தில், அதை எழுதியவளைத் திருடி என்றேன்.

காரணம் கேட்கும் கட்டத்தில் இலக்கிய மாணவிக்குரிய ஒழுங்குடன் எழுதினேன். சங்குக்கு முன்பே பறவைகள் எழுவது போன்ற கவனிப்பும், குடத்து நீரைப் பற்றிய வரியும் முதிர்ந்த மனத்தின் வெளிப்பாடுகள். சிறுவர் எவரும் இவ்வாறு எழுதுவதற்கு வாய்ப்பில்லை. படிவத்தில் எழுதும் காரணம், எழுதிய குழந்தைக்கு அப்படியே போய்ச் சேரும். ஐந்து அத்தியாயங்களும் நீக்கப்பட்டன.

மறுநாள் மேல்முறையீடு வந்தது. 'நான் ஆறாவது படிக்கிறேன். எங்க வூட்டுக்குப் பின்னாடிதான் சுரங்கம். மைனா நெசமாவே பறக்கும். நீங்க வந்து பாருங்க.'

பதிலளிக்க எனக்கு ஒரு வாரம் அவகாசம் இருந்தது. அந்தச் செய்தியை ஒவ்வொரு நாளும் திறந்தேன், மூடினேன். பேச்சு வழக்கில் எழுதிக் குழந்தைபோல் நடிக்கிறார்கள் என்றுகூட எண்ணிக்கொண்டேன். பாருங்கள், எவ்வளவு கற்றிருக்கிறேன்! வாரம் முடிந்ததும் மேல்முறையீடு தானாகவே தள்ளுபடியானது.

இரண்டு மாதம் கழித்துக் கல்லூரி முகாமுக்காக எங்களை அரியலூர்ப் பக்கம் அழைத்துச் சென்றார்கள். அரியலூரில் விக்கிரமங்கலம் பஸ் ஏறி, வழியில் ஒரு கிராமத்தில் இறங்கினோம். சாலையோர வேப்பிலைகளில்கூட வெள்ளைத் தூசு படிந்திருந்தது. வீடு வீடாகப் படிப்பறிவுக் கணக்கெடுப்பது என் பணி.

நண்பகல். ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மாவிடம் கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டிருந்தேன். தூரத்தில் சங்கு ஊதியது. குழாயடியில் குடம் நிரப்பிக்கொண்டிருந்த அவருடைய மகள் தர்ஷினி, என்னைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள்:

"அக்கா, அந்த மரத்தப் பாருங்க. இப்ப மைனாவுங்க போவும்."

அடுத்த சங்கு இன்னும் ஊதவில்லை. மைனாக்கள் எழுந்தன! ஒரு கரும்போர்வையை யாரோ உதறியதுபோல மரத்தை விட்டு முழுதாக எழுந்தன. அதன் பிறகே இரண்டாம் சங்கு. காலடியில் நிலம் ஒருமுறை அதிர்ந்தது. நான் குடத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வட்டம்... வட்டமாக...

என் கையிலிருந்த பேனா கீழே விழுந்ததை அந்த அம்மாதான் எடுத்துக் கொடுத்தார். வெடிக்குப் பயந்துவிட்டேன் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு மகளைக் காட்டி, இவளுக்கு இதெல்லாம் பழக்கம், இதையே கதையாக எழுதிப் போனில் போட்டுக்கொண்டிருந்தாள் என்றார். அதை யாரோ நீக்கிவிட்டதில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

"தூக்கிட்டாங்கம்மா, தூக்கிட்டாங்கம்மான்னு அழுவுறா. நா போனத்தான் எவனோ தூக்கிட்டான்னு பதறிப்போயிட்டேன். அப்புறம் பாத்தா கதயாம்!"

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நான் தமிழ் படிப்பவள் என்று அறிந்ததும் தர்ஷினி உள்ளே ஓடி ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். அந்த விளையாட்டை நான் விளையாடியதுண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். எத்தனை சுலபமாக வந்தது அந்தச் சொல்!

நோட்டில் ஐந்து அத்தியாயங்களையும் புதிதாக எழுதியிருந்தாள். படித்தேன். செவந்தி இருந்தாள், லாரி இருந்தது. நத்தைக் கற்கள் மூச்சுவிடவில்லை. தொப்பி போட்டு ஆடின. அசையாமல் நிற்கும் ஒரு நிமிடம் இல்லை. கடலில் ஒரு கடற்கன்னி இருந்தாள். 'உனக்கு என்ன ஐஸ்கிரீம் வேணும்?' என்று கேட்டது கடல்.

மைனாக்கள் எங்கே என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். பழைய கதையில் மைனா இருந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் யோசிக்கவில்லை. சற்றுமுன் பறந்ததைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள்.

"அத எடுத்துட்டேன்க்கா. பெரியவங்க எழுதுன மாரி இருக்குன்னு சொல்லிட்டாங்க. அதான் சின்னப் புள்ள எழுதுன மாரி மாத்திட்டேன்."

ஆறாவது அத்தியாயம்?

"அது ரொம்பப் பெரியவங்க மாரி இருந்துச்சு. கிழிச்சிட்டேன்."

அங்கே சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம் போதும். அதற்கு மாறாக, நோட்டை மூடிக் கொடுத்து, நன்றாக இருக்கிறது என்றேன். முகாமுக்கு உடன் வந்த தோழியர் அழைத்தார்கள், போய்விட்டேன். செவந்தி அப்பாவைக் கண்டாளா, கடல் அவரைத் திருப்பிக் கொடுத்ததா... அந்தத் தாள் எந்த அடுப்பில் எரிந்ததோ, நான் அறியேன். யாரும் இனி அறியப்போவதில்லை.

சென்ற வாரம் என் பட்டியலில் ஒரு புதிய புனைபெயர் வந்தது. 'சாக்லேட்மீன்'. முதல் அத்தியாயம். செவந்தி, லாரி, தொப்பி போட்ட நத்தைகள்.

'இது குழந்தையின் சொந்தப் படைப்பா?'

அந்தத் தொப்பிகளை மாட்டியவள் நான். கடற்கன்னியை எழுதியவள் நான். 'இல்லை' என்பதே இம்முறை உண்மை. ஆனால் அந்த உண்மையை இன்னொரு முறை அவள் தலையில் எப்படிப் போடுவேன்? 'ஆம்' என்று குறியிட்டேன். ஐந்து நட்சத்திரம் இட்டேன். இதுவரை யாருக்கும் நான் ஐந்து இட்டதில்லை. குழந்தை மனம் மிளிரும் அழகிய கதை என்று எழுதினேன்.

அத்தியாயம் முகப்புப் பக்கத்துக்குச் சென்றது. குழந்தைகள் கூட்டம் கூட்டமாக வந்து விளையாடினார்கள். நேற்று எனக்கு ஒரு செய்தி வந்தது. மதிப்புரை எழுதியவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. படிவத்தின் வழியாகத்தான் அனுப்பியிருந்தாள்.

'ரொம்ப நன்றிங்க. இனிமே இப்படியே எழுதுறேன்.'