வெனிலாக் கொடிக்கு மாமன் முறை

தொண்ணூறுகளில் பொள்ளாச்சிப் பக்கம் சில தோட்டங்களில், தென்னைக்கு ஊடே வெனிலா போட்டுப் பார்க்கும் ஆசை பிடித்தது. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக்கம்பிச் சுருளான காயில் கட்டுவது என் தொழில். கோயமுத்தூரில் பஸ் ஏறித் தோட்டம் தோட்டமாகப் போவேன். அப்படிப் போன ஒரு தோட்டத்தில், வீட்டுக்கார அம்மணி பிள்ளை வளர்ப்பதுபோல வெனிலாக் கொடி வளர்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாகியும் பூக்கவில்லை. அவர் கணவர் அதைத் தாண்டும்போதெல்லாம், "வெத்தலையாவது வெச்சிருந்தா வாய் செவந்திருக்கும்" என்பார்.

அந்த நக்கலிலும் நியாயம் உண்டு. மரத்தைப் பற்றி ஏறுவதைப் பார்த்தால் வெற்றிலைக்கோ மிளகுக்கோ சொந்தம் என்றுதான் தோன்றும். ஆனால் செடிகளின் உறவுமுறை தெரிய இலையை விடப் பூவைத்தான் பார்க்க வேண்டும். உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை போன தாவர நூல் ஒன்றில் இதைப் படித்த நாளிலிருந்து எந்தச் செடியைக் கண்டாலும் அதற்குக் குலம் விசாரிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. வெனிலா ஆர்க்கிட் குடும்பம். வால்பாறை மலைப்பாதையில் மரக்கிளைகளை ஒட்டிக்கொண்டு பூக்கின்றனவே, அவைதான் அதன் பங்காளிகள். ஒரு இதழ் மட்டும் மற்றவற்றிலிருந்து மாறி உதடாகி நிற்கும். ஆண் பாகமும் பெண் பாகமும் ஒரே தண்டாகச் சேர்ந்திருக்கும். இந்த அடையாளங்கள் ஒத்துப்போனால், மரத்தில் இருந்தாலும் மண்ணில் இருந்தாலும் ஒரே குலம்.

வெனிலாப் பூவுக்குள், மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே மெல்லிய மடல் ஒன்று உண்டு. தன் மகரந்தம் தன்மேலேயே விழாமல் பூ போட்டுக்கொண்ட தடுப்பு. கடலுக்கு அப்பால், அதன் சொந்தக் காட்டில், அந்தத் தடுப்பைக் கடக்கத் தெரிந்த தேனீக்கள் இருக்கின்றனவாம். பூவும் தேனீயும் யுகக்கணக்காக ஒன்றுக்கொன்று பழகி உருவானவை. கொடியைக் கொண்டுவந்தவர்கள் தேனீயைக் கொண்டுவரவில்லை. அதனால் இங்கே மனிதக் கைதான் ஈர்க்குச்சியால் மடலைத் தூக்கி, மகரந்தத்தை அழுத்திவிட வேண்டும். காலையில் விரியும் பூ மத்தியானம் வாடிவிடும். கை படாத பூ உதிர்ந்துவிடும்.

அந்தத் தோட்டத்து மோட்டாரைச் சரி பண்ணி எடுத்துக்கொண்டு நான் போன அன்று, கொடிகளில் கொத்துக்கொத்தாக முதல் பூக்கள். அம்மணியைக் காணோம். வேலிக்கு அந்தப் பக்கம் பறைச் சத்தம் கேட்டது.

இறந்தவர் அம்மணியின் கணவருக்குப் பெரியப்பா மகன். வாய்க்கால் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று வெகுகாலம். பேச்சு நின்றாலும் முறை நிற்குமா? எங்கள் பக்கம் உறவுக்காரர்களை இரண்டே வகையில் அடக்கிவிடுவோம். ஒன்று பங்காளி, இல்லையென்றால் மாமன் மச்சான். பங்காளி செத்தால் இந்த வீட்டுக்கும் தீட்டு. காரியம் முடியும்வரை அம்மணி அந்தக் கொடியில் கை வைக்க முடியாது. மூன்று வருஷம் காத்திருந்த பூ உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சண்டையில் முள் வைத்து அடைத்திருந்த, வேலியில் ஆள் நுழையும் கடவை அன்று காலையில்தான் பிரித்திருந்தார்கள். நான் அதன் வழியே துக்கம் கேட்கப் போனேன். பெண்களோடு உட்கார்ந்திருந்த அம்மணியின் முகம் மட்டும் வேலிப் பக்கம் இருந்தது.

"ஏனுங்ணா, விரிஞ்சிருச்சுங்களா?" என்றார் மெல்ல.

"கொத்துக் கொத்தா நிக்குதுங்க அம்மணி."

"எழவூட்ல உக்காந்துட்டுப் பூவக் கேக்கறேன் பாருங்க" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த இறந்தவரின் மனைவி சட்டென்று திரும்பினார். இழவு வீட்டில் இன்னொரு சண்டை வரப்போகிறது என்று நான் கடவுப் பக்கம் நகர்ந்தேன்.

"பூத்துருச்சா, அம்மணி?"

"ஆமாங்கக்கா."

"பாவி மனுசன், தெனமும் வேலியோரம் நின்னு எட்டி எட்டிப் பாத்துட்டு வந்து, 'இன்னும் பூக்கலையாட்ட இருக்குது'ம்பாரு. உங்கள ஒரு வார்த்த கேக்கத்தான் வாய் வராது." மூக்கைச் சிந்திவிட்டு, கோடித் துணியோடு வந்திருந்த தன் தம்பியைக் கூப்பிட்டார். சென்னிமலையில் தறி நெய்பவர். "கண்ணு, மக பெங்களூர்ல இருந்து வர மத்தியானமாயிரும். நீ பங்காளி இல்லீல்ல, மாமன் மொறைதான. போயி அந்தப் பூவத் தொட்டுட்டு வா."

"எழவூட்ல இருந்து போயிச் செடியத் தொடறதாக்கு?" என்றார் ஒரு பெரியவர்.

"ஒரு முழுக்குப் போட்டுட்டுப் போகட்டுங்க. தண்ணி எடுக்க மோட்டாரு மெக்கானிக்கு வந்துதான நிக்கறாரு!" என்றார் இறந்தவரின் மனைவி.

மோட்டாரை மாட்டி ஓட்டினேன். அந்தத் தம்பியும் நானும் குழாயடியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு கொடிக்குப் போனோம். அம்மணி கடவைத் தாண்டாமல் அந்தப் பக்கமே நின்று குரல் கொடுத்தார். "ஒதட்டக் கிழிங்க. மடலத் தூக்குங்க. அமுக்குங்க... ஐயோ, நசுக்கிப்போடாதீங்ணா!"

பின்னாலிருந்து அவர் கணவர், "மெதுவாப் பேசு, அண்ணன் எந்திரிச்சு வந்துரப்போறாரு" என்றார். சொன்ன பிறகுதான் தன் வாயில் 'அண்ணன்' வந்தது உறைத்திருக்க வேண்டும். துண்டில் முகம் புதைத்துக் குலுங்கி அழுதார்.

நெசவுக்காரர், "அறுந்த நூல முடியறதவிட இது லேசுங்க" என்று கொடி கொடியாகப் போய்க்கொண்டிருந்தார். நான் பாதிப் பூவைக் கிழித்துக் கெடுத்தேன். மகள் வந்து, பாடை எடுத்தபோது, மீதிப் பூக்கள் தலை தொங்கியிருந்தன.

அடுத்த முறை நான் போனபோது கடவு திறந்தே கிடந்தது. இரண்டு பெண்களும் கொடியருகே நின்றிருந்தார்கள். நெசவுக்காரர் தொட்ட கொத்துகளில், நுனியில் காய்ந்த பூவோடு பச்சைக் காய்கள் பீன்ஸ் போலத் தொங்கின. நான் தொட்ட கொத்துகள் மொட்டையாக நின்றன.

"என்ற தம்பி தொட்டதெல்லாம் நின்னுருச்சு. உங்க மெக்கானிக்கு தொட்டதுதான் கொட்டிப்போச்சு" என்றார் நெசவுக்காரரின் அக்கா.

அம்மணி சிரித்தார். "அவரு நமக்கு என்ன மொறைன்னு கொடிக்குத் தெரியலயாட்ட இருக்குதுங்கக்கா."