இடைவேளையில் நட்ட புடலங்கொடி

கைவிடப்பட்ட விளையாட்டு மைதானத்தைத் தோட்டமாக்குவது மண்வெட்டி வேலை என்று நினைப்பவர்கள் அந்த உத்தியோகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். அது முழுக்க முழுக்க வாய் வேலை. கோயில் திருவிழாக் கமிட்டியோ பள்ளிக்கூடப் பெற்றார் சங்கமோ, நாலு பேரை ஒரு விஷயத்துக்குச் சம்மதிக்க வைக்கப் பாடுபட்டவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். என் பாடு உங்களுக்குப் புரியும்.

சண்டைக்காலத்தில் நான் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தர். மட்டக்களப்பு டவுனிலிருந்து சைக்கிளில் பாலம் கடந்து கல்லடிக்குப் போவேன். அங்கே வாவிக்கரைப் பூங்காவோடு ஒரு உதைபந்தாட்ட மைதானம், ஆட்டம் நின்று வருஷக்கணக்காகி, நெருஞ்சியும் தொட்டாச்சிணுங்கியும் மண்டிக் கிடந்தது. வடக்கே மாங்கேணி, பனிச்சங்கேணிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் கல்லடியில் சொந்தக்காரர் வீடுகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. அவர்களும் ஊர்க்காரரும் சேர்ந்து பயிர் செய்யவும், பின்னேரத்தில் கூடி இருந்து கதைக்கவும் அந்த இடத்தைத் திருத்துவது என் வேலை. மாரிமழைக்கு முதல் ஏதாவது முளைத்துக் காட்ட வேண்டும். சும்மா கிடக்கும் வெளியைக் கண்டால் லொறி நிறுத்த ஆசைப்படும் இராணுவ முகாம் ஒன்று பக்கத்திலேயே இருந்தது.

கொழும்பிலிருந்து வந்த படம்

முதலில் ஒரு படம் வந்தது. கொழும்பில் எங்கள் தலைமைக் காரியாலயத்து நிபுணர் ஒருவர், மைதானத்தைக் கண்ணால் காணாமலே கீறியது. நடுவில் தடாகம், சுற்றிவர உட்காரச் சீமெந்து வாங்குகள், ஓரமெல்லாம் ரோசாப்பூ. கோல்கம்பங்கள் நின்ற இரண்டு இடத்திலும் ‘அகற்றுக’ என்று எழுதிச் சிவப்பில் புள்ளடி போட்டிருந்தார்.

சனத்தைக் கூட்டி, அதை விரித்துவைத்து நான் வாய் வலிக்க விளக்கினேன். முன்வரிசையில் மகேஸ்வரி அக்கா இருந்தார். பனிச்சங்கேணியில் சொந்தத் தோட்டம் வைத்திருந்தவர். ஓடி வரும்போது உடுப்பை விட்டுவிட்டு விதைமுடிச்சைத் தூக்கிக்கொண்டு வந்தவர். மைத்துனி வீட்டில் ஒரு அறைக்குள் இரண்டு பிள்ளைகளோடு இருந்தார், அந்த விதையை ஊன்ற ஒரு முழ நிலம் இல்லை. படத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ரோசாப்பூவ எப்பிடி மிஸ் சமைக்கிற, பால்கறியா சுண்டலா?”

பாதி ஆட்டம்

புல் வெட்டப் போன அன்றே, ஒரு கோல்கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி ஒரு மனிதர் நின்றார். தவராசா அண்ணன். சந்தியில் சைக்கிள் திருத்துகிறவர், ஒருகாலத்தில் கல்லடி அணியின் கோல்கீப்பர். அந்த மைதானத்தில் கடைசியாக நடந்தது ஒரு இறுதிப்போட்டி. காத்தான்குடி அணி இரண்டு கோல் போட்டுவிட்டது; கல்லடி ஒன்றும் போடவில்லை. இடைவேளையில் ஆட்டக்காரரின் தாகம் தீரத் தோடம்பழம் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது வாவிக்கு அந்தப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. சனம் ஓடியது, ஆட்டக்காரரும் ஓடினார்கள். இரண்டாம் பாதி நடக்கவேயில்லை.

“இத்தனை வருஷமாகிவிட்டதே, இனி யார் அண்ணன் விளையாடப் போறாங்க?” என்று கேட்டேன். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்ன மாதிரிப் பார்த்தார். இரண்டு கோல் விட்ட கீப்பர் என்று ஊர் அவரைப் பகிடி பண்ணிக்கொண்டே இருந்தது. கம்பத்தைப் பிடுங்கினால் அந்தப் பகிடிதான் தீர்ப்பாகிவிடும். “நாங்க தோக்கல்ல மிஸ். அரைவாசிதான் முடிஞ்சிருக்கு.”

கிணற்றடிச் சண்டை

கம்பங்களை அப்படியே விட்டுவிட்டு மற்ற இடத்தைப் பாத்தி பிரித்தோம். வேறு அடையாளம் இல்லாததால், ஊர்க்காரர் நினைவிலிருந்து காட்டிய ஆட்டத்தின் பழைய கோடுகளையே எல்லையாக்கினேன். புத்திசாலித்தனமான வேலை என்று என் முதுகில் நானே தட்டிக்கொண்டேன். கிழமை முடியுமுன், பந்தைக் கையாலும் தொட்டறியாத பெண்கள் பெனல்ட்டி பொக்ஸுக்கும் சென்டருக்கும் குடுமிப்பிடிச் சண்டை. கிணறு மைதானத்துக்கு வெளியே, நடுக்கோட்டுக்கு நேராக இருந்ததுதான் காரணம். மூலையில் பாத்தி விழுந்த ஒரு மாங்கேணிக்காரி வாளியை என் காலடியில் போட்டாள். “எனக்குக் கோனர் வேணாம் மிஸ், தண்ணி சுமந்தே இடுப்பொடியுது. நீங்க வந்து கோனர்ல நில்லுங்க பாப்பம்!”

இடுப்பளவு

பயிர் எழும்பத் தொடங்கியதும் முகாமின் காவலரணிலிருந்து ஒரு சிப்பாய் வந்தார். கையில் துவக்கு, வாயில் நாலைந்து தமிழ்ச் சொல். பாலத்து வீதி அவர்களுக்கு மறைக்காமல் தெரிய வேண்டுமாம். ஆகவே இடுப்புக்கு மேல் ஒன்றும் எழும்பக்கூடாது. சோளம் கூடாது, வாழை கூடாது, பந்தல் கூடாது, வேலிகூட இடுப்பளவுதான். யாருடைய இடுப்பு என்று கேட்க நினைத்து நான் வாயை மூடிக்கொண்டேன். மகேஸ்வரி அக்கா கேட்டேவிட்டார். சிப்பாய் யோசித்துத் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். நல்லகாலம், நெட்டை மனிதர்.

ஆனால் அக்காவின் முடிச்சில் பாதிக்கு மேல் புடலை விதை. புடலங்கொடிக்குத் தலைக்கு மேல் பந்தல் வேண்டும்; இல்லாவிட்டால் காய் நிலத்தில் கிடந்து சுருண்டு அழுகிவிடும். அக்கா மைதானத்தைச் சுற்றிக் கண்ணோட்டினார். உயரமாக நின்றவை கோல்கம்பங்கள் மட்டும்தான். விரலை நீட்டி, “அது?” என்றார். சிப்பாய் சிரித்தார். “கோல் போஸ்ட் பரவாயில்ல. அது விளையாட்டுத்தானே.”

இரவல்

இனி தவராசா அண்ணனைச் சம்மதிக்க வைக்க வேண்டும். எனக்கோ கோபம் மூக்கு நுனியில். நான் பேசப் போயிருந்தால் அடிபிடியில் முடிந்திருக்கும். அக்கா முந்திக்கொண்டார். கம்பத்தைத் தாருங்கள் என்று அவர் கேட்கவில்லை. “ரெண்டாம் பாதி எப்ப தம்பி?” என்று விசாரித்தார். “நிலைமை சரிவந்த உடன,” என்றார் அண்ணன். “நிலைமை சரிவந்தா நானும் ஊருக்குப் போயிருவன். அதுவரைக்கும் கம்பம் சும்மாதானே நிக்குது, இரவல் தாங்க. அதுக்குள்ள மட்ச் வந்தா நானே கொடியப் புடுங்கிப்போட்டு, கோட்டுக்குச் சுண்ணாம்பும் போட்டுத் தாறன்.”

ஒரு போகப் புடலங்காய் காய்த்து ஓய்வதற்குள் சமாதானம் வந்துவிடுமா? பெரிய பெரிய ஆட்களுக்கே தெரியாத அந்தக் கேள்வியைத் அக்கா தவராசா அண்ணன் தலையில் போட்டுவிட்டார். அண்ணன் வானத்தைப் பார்த்தார், காவலரணைப் பார்த்தார், கம்பத்தைத் தடவிப் பார்த்தார். “ஒரு போகத்துக்கு மட்டும் அக்கா. அடுத்த போகத்துக்குத் திரும்ப வந்து கேக்கணும்.”

மாடு

இடுப்பளவு வேலியெல்லாம் கல்லடி மாடுகளுக்கு ஒரு வேலியே இல்லை. பின்னேரமானால் வீதியில் திரிகிற மாடுகள் எங்கள் கீரையைத் தேடி வந்தன. கம்பத்துக்கு ஒன்றும் ஆகாமல் பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டு நின்ற தவராசா அண்ணன், முதல் மாடு காலை உள்ளே வைத்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாய்ந்தார். அப்படி ஒரு பாய்ச்சலை நான் கண்டதில்லை. அந்த மாடும் கண்டிருக்காது. அதற்குப் பிறகு நாள்தோறும் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். வேடிக்கை பார்க்கச் சனம் வந்தது. வந்தவர்கள் குந்தியிருந்து கதைத்தார்கள், கதைத்துக்கொண்டே புல்லும் பிடுங்கினார்கள். நான் வீடு வீடாகப் போய்க் கும்பிட்டும் சேராத கூட்டம் மாட்டால் சேர்ந்தது.

மகேஸ்வரி அக்காவுக்கு மட்டும் ஒரு குறை. யூரியா கேட்டால் உரத்துக்கா வெடிகுண்டுக்கா என்று ஆயிரம் கேள்வி வந்த காலம், எங்களுக்குச் சாணம்தான் உரம். ஒரு மாட்டையாவது உள்ளே விட்டால் என்ன, சாணம் போட்டுவிட்டுப் போகட்டுமே என்று கேட்டார். அண்ணன் நெஞ்சை நிமிர்த்தினார். “ரெண்டு கோல் விட்டவன் எண்டு ஊர் சொல்லுது. மாட்டையும் விட்டவன் எண்டு சொல்லக்கூடாது அக்கா.”

தோடம்பழம்

போகத்துக்குப் போகம் அக்கா வந்து முறையாக இரவல் கேட்டார். அண்ணன் வானத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். ஒருவரும் ஊருக்குப் போகவில்லை, மட்சும் வரவில்லை. அப்படி ஒரு பின்னேரம், கோல்கம்பம் நிறையப் புடலங்காய், நேராக வளர ஒவ்வொன்றின் நுனியிலும் கல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. வீதியால் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி இறங்கினார். காத்தான்குடித் துணி வியாபாரி சலீம். தமிழர், முஸ்லிம் என்று இரண்டு ஊருக்கும் இடையில் மனக்கசப்பு இருந்த நாட்கள் அவை. தவராசா அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, அந்த இரண்டு கோலையும் போட்டவர் இவர்தான். ‘பந்தல் போட்டாயிற்று, அப்ப ஆட்டம் முடிஞ்சுது, நாங்க வெண்டாச்சு’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அண்ணன் கொடியையும் கம்பத்தையும் சேர்த்தே பிடுங்கிவிடுவார் என்று எனக்குப் பயம்.

சலீம் காய்களை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே, “உங்கட டீம்ல ஆரார் இருக்காங்க மச்சான்?” என்று கேட்டார். அண்ணன் ஒரு காயில் கட்டிய கல்லைச் சரிசெய்தார். “கொஞ்சப் பேர் வெளிநாடு. கொஞ்சப் பேர் எங்க எண்டே தெரியாது. கொஞ்சப் பேர் இல்ல. நான் நிக்கன்.” சலீம் தலையை ஆட்டினார். “எங்கடயும் அப்பிடித்தான்.” மகேஸ்வரி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடியில் இல்லாத பூச்சியைத் தேடினார்.

சலீம் சைக்கிளில் தொங்கிய பைக்குள் கைவிட்டு, வீட்டுக்கு வாங்கிப்போன தோடம்பழத்தில் ஒன்றை எடுத்தார். அக்காவிடம் கத்தியை வாங்கி இரண்டாக வெட்டி, ஒரு பாதியை அண்ணனிடம் நீட்டினார். “இடைவேளை இன்னும் முடியல்லதானே மச்சான். தின்னு.”

உதைபந்தாட்டம் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது, ஆனால் இடைவேளைக்குள் இத்தனை போகம் புடலங்காய் விளைந்த இறுதிப்போட்டி உலகத்திலேயே அது ஒன்றுதான் என்று அடித்துச் சொல்வேன்.