நீலத்தோலும் ஜெயினுலாப்தீனின் கட்டை விரலும்

தாராவியின் தோல் கிடங்குகளில் ஜெயினுலாப்தீனுக்குப் பெரிய மரியாதை கிடையாது; அவருடைய வலது கட்டை விரலுக்கு உண்டு. மேலப்பாளையத்திலிருந்து வந்து பதினெட்டு வருடமாக அவர் செய்தது இரண்டே வேலை: தோலைத் தடவித் தரம் பிரிப்பது, அதில் ஒரு துண்டை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு வியாபாரிகளிடம் சாம்பிள் காட்டுவது. 1986இல் அந்த விரல் வெடித்தது. முதலில் அரிப்பு, பிறகு நீர்க்கொப்புளம், பிறகு பாளம் பாளமாகப் பிளவு. கக்கத்தில் நெறி வேறு கட்டிக்கொண்டது.

கிடங்கு முதலாளி கரீம் பாட்சா நல்ல மனிதர். அதனால் உடனே விரட்டவில்லை.

"வே ஜெயினு, ஒரு மாசம் பாப்பேன். கை சரியாவலன்னா வாசல்ல வாட்ச்மேன் ஸ்டூலு காலியாத்தான் கெடக்கு. உக்காந்துக்கிடும்."

மனைவி சைனப் தெரிந்த எண்ணெயெல்லாம் தடவிப் பார்த்தாள். கடைசியில், அவர் தினமும் தடவும் சரக்கிலேயே மிருதுவானதில், அதாவது குரோம் உப்பில் ஊறி நீலம் பாரித்த வெள்ளாட்டுத் தோலில், அந்தக் கைக்கு ஓர் உறை தைத்துக் கொடுத்தாள். உறை போட்ட விரல் தரம் பார்க்காது. ஆகவே வேலை முடிந்ததும் மாட்டிக்கொள்வார், தூக்கத்திலும் கழற்றமாட்டார்; ஞாயிறென்றால் நாள் முழுக்க உறைதான். தோலைப் பற்றித் தோல்காரனுக்குத் தெரியாதா என்ன?

ஆஸ்பத்திரியில் டாக்டர் பாகீரதி, மாட்டுங்காத் தமிழர், கேட்டார்: "லீவு நாள்ல குறையறதா?"

"எங்க டாக்டரம்மா, ஞாயித்துக்கெழமதான் உசுரு போவுது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வேலையால வந்ததுன்னா லீவுல ஆறணுமே! நீங்க தொடறது எல்லாத்துலயும் ஒரு துணுக்கு கொண்டு வாங்கோ."

சோப்பு கொண்டுபோனார், ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோல் கொண்டுபோனார். டாக்டர் உறையைக் காட்டினார். "இது?"

"இதா? இது மருந்துல்லா!"

மருந்தின் ஓரத்திலும் ஒரு துணுக்கு வெட்டப்பட்டது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க எல்லாவற்றையும் முதுகில் ஒட்டினால் இரண்டு நாள் குளிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் குளிக்காமல் எப்படி என்றார் இவர். திங்களன்று ஒட்டி, புதனன்று பிரித்தார் டாக்டர்.

சோப்பு இருந்த இடம் சுத்தம். பட்டைத்தோல் இருந்த இடம் சுத்தம். உறைத்துண்டு இருந்த இடத்தில் சிவந்து தடித்து, கடுகு தூவினாற்போல் கொப்புளம்.

"இன்னொண்ணு காட்டறேன் வாங்கோ." தன் ஆராய்ச்சிக்காக அவருடைய கையிலிருந்து பருப்பளவு தோல் எடுத்திருந்தார் டாக்டர். மைக்ராஸ்கோப்பில் ஜெயினுலாப்தீன் கண்ணை வைத்தார். தோலைத் தடவியே வாழ்ந்தவர் முதல்முறையாகத் தோலுக்குள் பார்த்தார். வெளிறிய கல் பாவினாற்போல் ஒரு தரை. நடுநடுவே கருப்பாகச் சிலபேர், நாலா பக்கமும் கிளை விரித்து, ஒருவர் கிளை இன்னொருவரைத் தொட்டும் தொடாமலும்.

"இவங்க யாரு?" என்றார். இது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை.

"கிளை செல்னு வெச்சுக்கோங்கோ. கடுகளவு தோல்ல ஆயிரம் இருக்கும். கைய நீட்டித் துழாவிண்டே இருக்கும். புதுசா எதாவது வந்தா அதுல ஒரு துணுக்க எடுத்துண்டு நேரா கக்கத்து நெறிக்குக் கெளம்பிடும். அங்க வெள்ளை அணுக்கள்ட்ட காட்டி, 'இவன் வேணுமா, வேண்டாமா'ன்னு கேக்கும்."

ஜெயினுலாப்தீனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "சாம்பிள் தூக்கிட்டுப் போவுதுன்னு சொல்லுங்க!"

"அதேதான். கிருமி வந்தா நாம பொழைக்கறது இதாலதான். உங்களுக்கு ஒருநாள் குரோம் உப்பக் கொண்டுபோய்க் காட்டிடுத்து. அங்க விரோதின்னு முடிவு பண்ணியாச்சு. இனிமே ஆயுசுக்கும் மறக்காது."

"அப்பம் பதினெட்டு வருசம் ஏன் சும்மா இருந்துச்சு?"

"ஏன் அப்போ இல்லே, ஏன் இப்போன்னு எனக்கே தெரியாது."

இத்தனை படித்தவர் தெரியாது என்றதும் அவருடைய பிரமிப்பு இரண்டு மடங்காயிற்று.

வீட்டில் சைனப் ஓரம் வெட்டுப்பட்ட உறையைப் பார்த்து, "கண்ணு அவிஞ்சுல்லா தச்சேன்!" என்றாள்.

"நீ நல்லாத்தான் தச்செ புள்ள. உள்ள இருக்கவங்க ரொம்பக் கறாரு."

உறை போனது, நீலத்தோலைத் தொடாமலிருக்க லீவும் போட்டார். டாக்டர் கொடுத்த களிம்பில் விரல் மெல்ல மூடிக்கொண்டது. மாதக் கடைசியில் கரீம் பாட்சா முன்னால் நின்று, பட்டைத்தோல் பிரிவு வேண்டும் என்றார்.

"நீலத்துல உம்ம வெரலு ராஜா. பட்டை வேற சங்கதில்லா?" முதலாளி ஒரு தோலை எடுத்துப் போட்டார். "கண்ண மூடிக்கிட்டு சொல்லும்."

கட்டை விரல் மெதுவாக நகர்ந்தது. "வெள்ளாடு. பொட்டை. ரெண்டு வயசு." இடது விலாவில் நின்றது. "இங்கன முள்ளு கீறியிருக்கு. உசுரோட இருக்கப்பவே ஆறியிருக்கு."

முதலாளி தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தழும்பு, மயிரிழைபோல. "சரி வே, நாளையிலேருந்து பட்டைப் பக்கம். நீலத்துப் பக்கம் தல காட்டப்பிடாது."

ஜெயினுலாப்தீனின் விரல் மறுபடியும் அந்தத் தழும்புக்குப் போயிற்று. அந்த முள் கீறிய நேரம் இந்த ஆட்டுக்குள்ளும் ஒருவன் சாம்பிள் எடுத்துக்கொண்டு ஓடியிருப்பான். கிடங்கில் கூரை வரைக்கும் தோல் அடுக்கியிருந்தது. இத்தனை பேருக்கு நடுவிலா பதினெட்டு வருடம் பீடி குடித்துக்கொண்டு நின்றோம் என்று நினைத்தவர், பள்ளிவாசல் படியில்போல, காலில் கிடந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"என்னவே?" என்றார் முதலாளி.

"ஒண்ணுமில்ல முதலாளி. இந்தச் செருப்பும் நீலத்தோலுதான்."