இரண்டு முறை போட்ட சீனி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது; றகரமும் ரகரமும் இன்னும் இடம் மாறித்தான் விழும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்ட ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

இத்தாலியின் பலெர்மோவில் பத்தொன்பது வருடமாக மாடிப்படி கழுவுகிறேன். கிழமையில் இரண்டு நாள் பிரான்காச்சோவில் ஓர் இரும்புப் பட்டறையையும் கூட்டித் துடைக்கிறேன். அந்தப் பட்டறைக்காரர் தன் கையால் பியர் காய்ச்சுகிறவர். அவரைப் போல ஏழெட்டுப் பேர், மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், தங்கள் போத்தல்களோடு அங்கே கூடுவார்கள். நான் போத்தல் கழுவிக் கொடுக்கப் போய், பிறகு நானும் காய்ச்சப் பழகினேன். அந்த வேலையில் முக்கால்வாசி கழுவுவதுதான். கழுவத்தான் எனக்குத் தெரியுமே.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. போத்தலைக் காகிதப் பையால் மூடி இலக்கம் எழுதி வைப்பார்கள். எல்லோரும் மணந்து, குடித்து, நல்லதையும் கெட்டதையும் சொன்ன பிறகுதான் காய்ச்சியவர் கை உயர்த்துவார். பழுதாகியிருந்தால் எங்கே பிழைத்தது என்று அவரே சொல்ல வேண்டும். சொன்னால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். ஒருமுறை பட்டறைக்காரரின் பியரே வினாகிரியாய்ப் புளித்துப்போனது. வாளி மூடியைக் கழுவ மறந்தேன் என்றார். அதற்கும் எல்லோரும் கிளாஸை உயர்த்தினார்கள்.

எங்கள் கோயிலுக்கு வருகிற மன்னார்த் தம்பி ஒருவர் இருக்கிறார். தம்பி என்றாலும் நாற்பது வயது. ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்தின் பக்கம் ஒரு வயதான சிக்னோராவை, இத்தாலிய அம்மாவை, பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கி வேலை. மனைவியும் மகளும் கால்சாவில் ஓர் அறையில். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் லீவு. பட்டறைக்காரர் விற்பனைக்குப் பியர் காய்ச்ச ஆள் தேடியபோது, எதையும் அளந்து செய்கிற ஆள் என்று இவரைப் பற்றிச் சொன்னேன். "தன் கையால் ஒன்று காய்ச்சிக் கொண்டுவரட்டும், குடித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்றார்.

தம்பியிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது இதுதான்:

"சரிவந்தால் ஒவ்வொரு நாளும் வீட்டை போவன் என்ன, அண்ணை? பிள்ளை நித்திரையாகிறதைப் பாப்பன்."

வாளி எங்கள் குசினியில் இருந்தது. நான் சொல்லச் சொல்ல அவரே காய்ச்சி, ஈஸ்ட் போட்டு, மூடி வைத்து இரண்டு கிழமை. போத்தலில் அடைக்கும்போது கொஞ்சம் சீனி சேர்க்க வேண்டும், அதில்தான் நுரை வரும். சீனியைக் கரைத்து வாளிக்குள் ஊற்றலாம், அல்லது ஒவ்வொரு போத்தலுக்கும் அளந்து போடலாம். இரண்டில் ஒன்றுதான் செய்ய வேண்டும்.

அந்த வியாழன் அவருக்குக் கிடைத்தது மூன்று மணித்தியாலம். நேரம் மிச்சமாகட்டும் என்று, அவரைக் கேட்காமலே, காலையில் சீனியைக் கரைத்து வாளிக்குள் ஊற்றிவிட்டேன். என் மனைவி, தம்பிக்கு அக்கா, பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் வந்ததும் நான் கழுவிக் காயவைத்த மிச்சப் போத்தல்களை எடுக்கப் பால்கனிக்குப் போனேன். திரும்பி வந்தபோது, புதிதாக வாங்கிய சின்ன அளவுக் கரண்டியால் ஒரு டசின் போத்தலுக்குச் சீனி போட்டு முடித்திருந்தார்.

"இஞ்சை பாருங்கோ அண்ணை, ஒண்டிலையும் கூடேல்லை, குறையேல்லை. சிக்னோரான்ரை மருந்து அளந்து அளந்து பழகின கை."

அப்போதே நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவருடைய வாளியில் நான் கைவைத்தது தெரிந்துவிடும். தன் கையால் காய்ச்ச வேண்டியதல்லவா? கொஞ்சம் நுரை கூடினால் என்ன என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு மூடி அடித்துக் கொடுத்தேன்.

அடுத்த கூட்டத்தில், பட்டறையில் அவருடைய போத்தல் நான்காவது. மூடி திறந்ததும் நுரை பீறிட்டுப் பட்டறைக்காரரின் சட்டையெல்லாம் நனைத்து மேசையால் வழிந்தது. யாரோ ஒருவர், எட்னா எரிமலையைப் பிடித்துப் போத்தலில் அடைத்துவிட்டார்கள் என்றார். மிஞ்சியது கிளாஸில் அரை அங்குலம். மணம் நன்றாக இருக்கிறது, பாவம், என்றார் இன்னொருவர்.

தம்பி கை உயர்த்தினார். அவர் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம்தான், இத்தாலியன் போதாது. பட்டறைக்காரர் சட்டையைத் துடைத்தபடி என்னைப் பார்த்து, எங்கே பிழைத்தது என்று கேட்கச் சொன்னார்.

"நான் அளவாத்தான் போட்டனான். நீங்களும் பாத்தனீங்கள்தானே. சொல்லுங்கோ அண்ணை," என்றார் தம்பி.

எட்டுப் பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாலு பேர் பார்த்தாலே காது சுடும். நான் இத்தாலியனில், சீனி ட்ரோப்போ போட்டுவிட்டாராம், என்றேன்.

ட்ரோப்போ என்றால் அளவுக்கு மிஞ்சியது. இத்தாலியனே தெரியாமல் வீட்டுவேலைக்கு வருகிறவருக்கும் முதல் கிழமையே அந்தச் சொல் பழகிவிடும். உப்புக்கும் சவர்க்காரத்துக்கும் சிக்னோராமார் சொல்வது அதைத்தான். தம்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு பட்டறைக்காரரைப் பார்த்து, "ஸி", ஆமாம், என்று தலையாட்டினார். வழக்கப்படி கிளாஸ்கள் உயர்ந்தன. நானும் உயர்த்தினேன்.

அந்த மாதமே பட்டறைக்காரர் வேறொருவரை வேலைக்கு எடுத்தார். நல்ல ஆள், ஆனால் அளவில் கவனமில்லை, என்றார் தம்பியைப் பற்றி.

ஆறு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் தம்பி எனக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைத்தார். போன மாதம், பூசை முடிந்து படியிறங்கும்போது, வாளியில் நான் ஊற்றிய சீனியைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"தெரியும் அண்ணை. அக்கா அப்பவே என்ரை மனுசிக்குச் சொன்னவ."

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தனான்."

இரண்டு படி இறங்கிய பிறகு நின்றார். "அங்கை போய்ச் சொல்லுங்கோ. வேலைக்காண்டி இல்லை. என்ரை கை பிழைக்கேல்லை எண்டு அவைக்குத் தெரியவேணும்."

இந்த மாதம் பட்டறையில் கூடிய ஞாயிறு போனேன். தம்பி வரவில்லை, சிக்னோராவுக்குக் காய்ச்சல். முதல் போத்தல் திறப்பதற்கு முன் எழுந்து நின்று, நான் செய்ததையும், மொழிபெயர்த்ததையும் சொன்னேன். வழக்கப்படி ஒருவரும் சிரிக்கவில்லை. கிளாஸையும் ஒருவரும் உயர்த்தவில்லை. பட்டறைக்காரர், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். என் போத்தலைத் திறக்காமல் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் இருந்தபடியே தம்பிக்கு ஃபோன் பண்ணினேன்.

"சொல்லிப்போட்டன்."

"என்ன சொன்னவை?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"ஓம். சரி அண்ணை. மருந்து குடுக்கிற நேரம், வைக்கிறன்."

22 பெப்ரவரி 2024, வியாழக்கிழமை.