கறைபடாத சிறகுகள்

ஊரிகம் ஸ்டேஷன் சுவரில் மூக்கு உரசுமளவு குனிந்து நிற்கிறார் ஈவ்லின். பெங்களூர் ரயில் வர இன்னும் நாலு நிமிடம். டியூப்லைட்டுக்குக் கீழே, விடிந்தும் கிளம்பாத அந்துப்பூச்சி ஒன்று. அவர் கையில் துணியின் இழை எண்ணும் சின்ன லென்ஸ். ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் செக்கர் வேலை. பூச்சியின் முன்சிறகையும் பின்சிறகையும் கோத்துப் பிடிக்கும் முள்முடியைத் தேடியபடியே, தினமும் அதே ரயிலில் போகும் என்னிடம் சொல்கிறார்.

"ஒத்த முடி இருந்தா ஆம்பள, ரெண்டு மூணு இருந்தா பொம்பள. அவ்ளோதான் சார்."

ரயில் பெண்கள் 'பூச்சிக்கா' என்று கிண்டல் செய்வார்கள். மனுஷி அசர மாட்டார். உணர்கொம்பு இறகாக விரிந்திருக்கிறதா, நூலாக நீண்டிருக்கிறதா என்று எதிர் சீட்டுக்காரரின் தூக்கத்தைக் கெடுத்து விளக்குவார். நானும் மாட்டியிருக்கிறேன்.

பாலகாட் பழைய சுரங்கத்துப் பக்கத்துப் புதரில் முன்பு எட்டு வருடம் பிடித்த பழுப்புப் பூச்சிகள் பத்தொன்பது அவர் வீட்டில் உண்டு. எந்தப் புத்தகத்திலும் பெயர் அகப்படவில்லை. அது தெரியாமல் கண்ணை மூட மாட்டேன் என்று பிடிவாதம். போன மாதம், பெங்களூரில் பூச்சிகளை ஆராயும் விநாயக் என்பவருக்குப் படம் அனுப்பினார். யாரும் இன்னும் பெயர் வைக்காத பூச்சியாகக்கூட இருக்கலாம் என்றார் அவர். ஆனால் இந்த வகையில் சிறகெல்லாம் ஒரே அச்சு. ஆண்பூச்சியின் வயிற்று நுனியில் இருக்கும் கெட்டியான உறுப்புகள்தான் இனத்துக்கு இனம் மாறும். ஒரே ஒரு வயிறு கொண்டு வாருங்கள், போதும் என்றார்.

பத்தொன்பதிலும் வயிறு இல்லை. செத்த பூச்சியின் வயிற்றுக் கொழுப்பு கசிந்து சிறகில் இறங்கும். இருபது வருடம் சட்டையில் கறை தேடிய கண் அதைப் பொறுக்குமா? காய்ந்ததும் கிள்ளி எறிந்துவிடுவார்.

"ஆயில் கறை பட்டா பீஸ் ரிஜெக்ட்டுன்னு நானேதான் கிள்ளிப் போட்டேன் சார். இப்ப இன்னா பண்றது?"

அந்தப் புதரை மூன்று வருடத்துக்கு முன்பே இயந்திரம் விட்டு வழித்தாகிவிட்டது. அதற்கப்புறம் ஒரு பூச்சிகூட அவர் கண்ணில் படவில்லை. பாவி, ஒன்றையாவது முழுசாக விட்டிருக்கக் கூடாதா என்று என் மனசு அடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்ட பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். பூச்சிப் பெட்டி திறந்திருந்தது. சிறகுகளில் ஒரு பொட்டுக் கறை கிடையாது. சட்டையில் பழுது இருக்கும் இடத்தைக் காட்ட கம்பெனியில் ஒட்டுகிற சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்களைக் கைப்பையிலிருந்து எடுத்தார். ஒவ்வொன்றாக உரித்து, ஒவ்வொரு பூச்சிக்கும் வயிறு இருந்திருக்க வேண்டிய இடத்தில், முனை பிசகாமல் ஒட்டிக்கொண்டே போனார்.