மெனு நிற்கும் நேரம்

கம்ப்யூட்டரைப் போட்டதும் கறுப்புத் திரையில் ஒரு மெனு வரும். எந்த இயங்குதளம் வேண்டும், லினக்ஸா, விண்டோஸா? ஐந்து விநாடிக்குள் நான் சொல்லாவிட்டால் அதுவே விண்டோஸுக்குள் போய்விடும். அப்படி அமைத்தவனே நான்தான். காத்துக்கிடக்க எனக்கு எந்தக் காலத்திலும் பொறுமை கிடையாது. கோயில் கொடைவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் விண்டோஸில் வடிவமைப்பேன், அது பிழைப்பு. நான் எனக்காக எழுதுவது முழுக்க லினக்ஸில்.

நடுக்கவாதம் வந்த பிறகு அந்த ஐந்து விநாடி போதவில்லை. ஏதாவது ஒரு கீயைத் தட்டினால் போதும், எண்ணுவது நின்றுவிடும். தட்டத்தான் கை எழும்ப மாட்டேன் என்கிறது! முன்கூட்டியே விரலை வைத்துக்கொண்டால் நடுக்கத்தில் கண்ட கீயும் அமுங்கி, விண்டோஸே திறந்துவிடுகிறது. ஆடித்தபசு வாரத்தில் ஒருநாள் காலை, திரும்பத் திரும்ப விண்டோஸுக்குள்ளேயே போய் விழுந்தேன். சனியன் பிடித்த மெஷின் என்று கத்தினேன்.

சத்தம் கேட்டு என் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "தள்ளுங்க, நான் தட்டுதேன்."

"ஏட்டி, ஒன் வேலையப் பாரு."

"எதுக்கு இப்பிடிக் கோவப்படுதிய? அந்த நேரத்தக் கூட்டி வச்சா என்ன?"

கூட்டலாம். ஆனால் அதை மாற்ற லினக்ஸுக்குள் போக வேண்டும், போகத்தானே முடியவில்லை! கடைசியில் அவளே தட்டினாள். எனக்கு அவமானமாக இருந்தது. அமைப்புக் கோப்பைத் திறந்து, ஐந்தை அழித்துவிட்டு முப்பது என்று அடித்தேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "முப்பது போதுமா? நீங்க தட்டுத வரைக்கும் நிக்கிற மாதிரி வைக்க முடியாதா?"

முடியும். மைனஸ் ஒன்று என்று போட்டால் மெனு எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்கும். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

"முப்பது போதும். டாக்டர் மாத்திரைய மாத்தியிருக்காருல்லா? ரெண்டு மாசத்துல கை சரியாயிரும்" என்றேன்.

இது குணமாகாது, போகப்போகக் கூடத்தான் செய்யும் என்று பாளையங்கோட்டை டாக்டர் சொன்னபோது அவளும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு வெளியே வந்ததும், காதில் விழாதவன் மாதிரி, சங்கரன்கோவில் பஸ் எப்போது என்று அவளிடம் கேட்டேன்.

முப்பதை அழித்தேன். மைனஸ் ஒன்று போட்டுச் சேமித்து, மெனுவைப் புதுப்பிக்கும் கட்டளையையும் தட்டுத்தடுமாறி அடித்தேன். முடிந்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இனிமே சரியாகாது, என்னட்டி?"

அவள் என் கையை இறுகப் பிடித்தாள். பிடித்த பிறகும் அது ஆடிக்கொண்டுதான் இருந்தது.